ஆச்சி வீட்டுத் தீர்வை

வரி என்று சொன்னாலே எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வரும். எனக்கும்தான். ஆடம் ஸ்மித் 1776-ல் எழுதிய புத்தகத்தில் வரிக்கு நான்கு விதிகள் சொல்லியிருக்கிறார். சமத்துவம், நிச்சயம், வசதி, சிக்கனம். இதைப் பரீட்சைக்கு முந்தைய நாள் மனப்பாடம் செய்து, விதிக்கு இரண்டு வரி எழுதி, தலைப்புக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஐந்து மார்க் வாங்கியவன் நான். அதில் இரண்டாவது விதியை அந்த மனுஷன் எதற்காக எழுதினார் என்று எனக்குப் புரிய வைத்தது எங்கள் வாத்தியார் இல்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எங்கள் ஆச்சி.

ஆச்சி என்றால் அம்மாவைப் பெற்றவள். தாத்தா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. தாத்தா கட்டிய ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறாள். திண்ணை, பட்டாசல், நடுவில் வானம் பார்த்த முற்றம், அடுக்களை, புறவாசலில் ஒரு முருங்கை. வாசல் பக்கம் பத்துக்குப் பதினொன்றில் ஒரு சின்ன அறை. அதில் ஒரு கால் மிஷின். மாதம் 1,200 ரூபாய் விதவை ஓய்வூதியம் வருகிறது (2023 ஆகஸ்டுக்கு முன்னால் அது 1,000 ரூபாய்). அது போதாது என்று ஆச்சி தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். சாதா ரவிக்கைக்கு நூறு ரூபாய். லைனிங் வைத்தால் கூட. வாசலில் நீலத் தகரத்தில் வெள்ளை எழுத்தில் ஒரு போர்டு: 'இங்கு ரவிக்கை தைத்துத் தரப்படும்'. நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது எழுதிக் கொடுத்தது. 'தரப்படும்' என்பதில் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கீழே இறக்கி எழுதியிருப்பேன். சிரிக்காதீர்கள் :-)

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2022 ஏப்ரல் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுவதும் சொத்து வரியைச் சீராய்வு செய்து உயர்த்துவதாக அரசு அறிவித்தது. பத்து வருஷத்துக்கு மேல் கழித்து நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது அதே வருஷம் பிப்ரவரி 19-ஆம் தேதி. ஆறு வாரம்தான் இடைவெளி. விரலில் மை அழியும் முன்பே வந்துவிட்டது என்று அப்பா சொன்னார்.

உயர்வு எல்லோருக்கும் ஒன்று போல இல்லை. பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம். 2011-ல் சென்னையோடு சேர்க்கப்பட்ட பகுதிகளுக்கும் மற்ற ஊர்களுக்கும் இதே நான்கு படிகளில் 25, 50, 75, 100. ஆச்சி வீடு பழைய கணக்குப்படி 1,176 சதுர அடி. எங்கள் ஊருக்கு இரண்டாவது படி, அதாவது 50 சதவீதம். அரையாண்டுக்கு 612 ரூபாயாக இருந்தது 918 ஆனது. ஆச்சி இரண்டு நாள் புலம்பிவிட்டுக் கட்டினாள். அதுவரை சரி.

இந்த உயர்வைப் பற்றி அப்போது டீக்கடையில் பேசாத ஆள் இல்லை. நானும் திட்டினேன். பிறகு காஸ்டிங் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை ஒரு தலைப்பட்சமாகிவிடும்.

சென்னையில் அதற்கு முன் பொதுச் சீராய்வு நடந்தது 1998-ல். மற்ற ஊர்களில் 2008-ல். நடுவில் 2018-ல் ஒரு தடவை உயர்த்தி, எதிர்ப்பு வந்ததும் 2019 நவம்பரில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். வருமான வரித் துறை வருஷா வருஷம் ஒரு பணவீக்கக் குறியீடு வெளியிடும். மூலதன ஆதாயக் கணக்குப் போடும்போது நாம் பயன்படுத்துவோமே, அதேதான். 2008-09-க்கு அது 137. 2022-23-க்கு 331. கிட்டத்தட்ட 2.4 மடங்கு. அப்படியென்றால் 2008-ல் 612 ரூபாய் கட்டியவர் விலைவாசிக்குச் சமமாக 2022-ல் 1,470 ரூபாய்க்கு மேல் கட்டியிருக்க வேண்டும். ஆச்சி கட்டியது 918. உண்மையில் வரி குறைந்திருக்கிறது!

மாநகராட்சி மட்டும் என்ன செய்யும்? துப்புரவுப் பணியாளர் சம்பளம், லாரி டீசல், தெருவிளக்கு மின் கட்டணம் எதுவும் 2008-லேயே நிற்கவில்லை. பதினைந்தாவது நிதிக்குழுவும் நகர உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமென்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலும் வளர வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தது. வரியை ஏற்றியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

பதினாலு வருஷம் தூங்கிவிட்டு ஒரே ராத்திரியில் ஏற்றியதுதான் தப்பு. வருஷத்துக்கு 4 சதவீதம் வீதம் ஏற்றிக்கொண்டே வந்திருந்தால் கூட்டு வட்டிக் கணக்கில் பதினாலு வருஷத்தில் 73 சதவீதம் ஏறியிருக்கும். யாரும் டீக்கடையில் அதைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள். 612 அடுத்த வருஷம் 636 ஆவதற்கு யார் சண்டை போடுவார்கள்? ஒவ்வொரு தேர்தலுக்கும் பயந்து தள்ளிப் போட்ட கணக்கு, ஒரு நாள் வட்டியோடு வாசலுக்கு வந்து நிற்கிறது. தள்ளிப் போட்டவர்கள் வேறு, கட்டுகிறவர்கள் வேறு.

இன்னொரு விஷயம். வருமான வரியிலும் படிகள் உண்டு. ஆனால் அங்கே ஒரு படியைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். இங்கே அப்படி இல்லை. 1,200 சதுர அடி வீட்டுக்கு மொத்த வரியில் 50 சதவீதம் உயர்வு. 1,201 என்றால் மொத்த வரியிலும் 75 சதவீதம். ஒரே ஒரு சதுர அடி. ஒரு தரை ஓடு பதிக்கும் இடம். அந்த ஓடு எங்கள் ஆச்சி வீட்டில் எப்படி வந்து விழுந்தது என்பதுதான் மீதிக் கதை.

2023 அக்டோபரில் எங்கள் தெருவில் மறு அளவீடு நடந்தது. இரண்டு பேர் வந்தார்கள். வெளியே நின்று டேப் பிடித்தார்கள். போர்டைப் பார்த்தார்கள். "என்ன பாட்டி, கடையா?" என்று கேட்டார்கள். ஆச்சி பெருமையாக, "ஆமாய்யா, இருபது வருசமா தைக்கேன்" என்று சொல்லி இரண்டு பேருக்கும் மோர் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

அடுத்த மாதம் பில் வந்தது. அரையாண்டுக்கு 2,046 ரூபாய்.

நான் அன்று சாயங்காலம் போனபோது ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். பேப்பரை மடித்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். "ஏலேய், இதுல என்ன போட்டிருக்கான்னு பாரு. பக்கத்து வீட்டுப் பிள்ளை ரெண்டாயிரம்ங்கா. அது கண்ணு சரியில்லாத பிள்ளை" என்றாள். நான் பார்த்தேன். அந்தப் பிள்ளைக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது.

வருஷத்துக்கு 4,092 ரூபாய். ஆச்சியின் மூன்று மாத ஓய்வூதியத்தைத் தாண்டிய தொகை. நாற்பது ரவிக்கைக்கு மேல் தைக்க வேண்டும். எங்கள் வீட்டில் கட்ட முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். அப்பா கட்டியிருப்பார். ஆனால் ஆச்சி தாத்தா போன பிறகு தன் வீட்டுத் தீர்வையை (அவள் வாயில் அது இன்னும் தீர்வைதான்) யாரையும் கட்ட விட்டதில்லை. "தீர்வை கட்டுறவந்தாம்ல வீட்டுக்காரன்" என்பாள். அந்த ராத்திரி அவள் முதல் தடவையாக, "வீட்டைக் குடுத்துட்டு ஒங்க கூட வந்து இருந்திரவா?" என்று அம்மாவிடம் போனில் கேட்டாள். அம்மா வெகுநேரம் பதில் சொல்லாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றாள்.

நான் பில்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கட்டடப் பரப்பு 1,284 சதுர அடி என்று இருந்தது. உபயோகம்: பாதி குடியிருப்பு, பாதி வணிகம். மறுநாள் கொத்தனார் மாமா ஒருவரிடம் டேப் வாங்கிக்கொண்டு நானும் என் நண்பனும் அளந்தோம். வெளி அளவு அகலம் 24 அடி, நீளம் 53½ அடி. பெருக்கினால் சரியாக 1,284. ஆனால் நடுவில் முற்றம் இருக்கிறதே! 12 அடிக்கு 9 அடி. கூரை கிடையாது. மழை பெய்தால் அண்டா வைத்துத் தண்ணீர் பிடிக்கிற இடம். அந்த 108-ஐக் கழித்தால் 1,176. பழைய கணக்கு அப்படியே சரியாக இருக்கிறது. வானத்துக்கும் சேர்த்து வரி போட்டிருக்கிறார்கள். அதனால் வீடு 1,200-ஐத் தாண்டி அடுத்த படிக்குப் போய், 50 சதவீதம் 75 ஆகிவிட்டது. 110 சதுர அடி அறை ஒன்றில் ஒரு மிஷின் ஓடுவதற்காகப் பாதி வீடு கடையாகிவிட்டது.

அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று இலக்கு இருந்திருக்கும். வெளியே அளந்து பெருக்கிவிட்டுப் போவதுதான் சீக்கிரம். ஆனால் அவர்களுக்கு ஒரு நிமிஷ வேலை, ஆச்சிக்கு நாற்பது ரவிக்கை.

மனு எழுதினேன். ஒரு தாளில் வீட்டின் வரைபடம், அளவுகள், முற்றத்தின் போட்டோ, பழைய ரசீது நகல், மிஷின் இருக்கும் அறையின் போட்டோ. அலுவலகத்துக்கு முதல் தடவை போனபோது சம்பந்தப்பட்டவர் இல்லை. இரண்டாவது தடவை "ஆன்லைன்ல போடுங்க" என்றார்கள். ஆன்லைனில் போட்டால் முற்றத்தைப் பற்றிச் சொல்ல அதில் கட்டமே இல்லை. மூன்றாவது தடவை ஆச்சியையும் கூட்டிக்கொண்டு போனேன். கீழே ஜன்னலில் இருந்த ஒரு வயதான எழுத்தர் மட்டும்தான் முழுதாகக் கேட்டார். "தம்பி, மனுவைத் தபால் பிரிவுல குடுத்து நகல்ல சீல் வாங்கிக்கோ. வாயால சொன்னது எதுவும் இங்க நிக்காது. பழைய தொகையை மட்டும் கட்டி ரசீது வாங்கி வெச்சிரு, கட்டாம விட்டுட்டு வந்து பேசாத" என்றார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

ஜனவரியில் மறுபடி அளக்க வந்தார்கள். இந்தத் தடவை உள்ளே வந்து அளந்தார்கள். (ஆச்சி மோர் கொடுக்கவில்லை.) பரப்பு 1,176 என்று திருத்தினார்கள். வணிகம் அந்த ஒரு அறைக்கு மட்டும். புதுத் தொகை 1,083 ரூபாய். 2,046 எங்கே, 1,083 எங்கே! எனக்கு யுனிவர்சிட்டி ரேங்க் வாங்கியது போல இருந்தது. போகிற போக்கில் அதிகாரி, "அந்த போர்டும் இல்லன்னா முழுசும் குடியிருப்புதான், 918 வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஆச்சிக்குக் கணக்குச் சொன்னேன். "வித்தியாசம் அரையாண்டுக்கு 165 ரூபாதான் ஆச்சி. ரெண்டு ரவிக்கை. போர்டைப் பாத்து மாசத்துக்கு ரெண்டு பேராவது புதுசா வர்றாங்கல்ல? அது இருக்கட்டும்." பி.காம். மூளை. லாப நஷ்டக் கணக்கில் இதைவிடத் தெளிவான முடிவு இருக்க முடியாது.

மறுநாள் போனால் போர்டு இல்லை. கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அதற்காகவா நான்கு தடவை அலைந்தேன்?

"ரூவாக்காக இல்லல. அது இருந்தா அவன் திரும்ப வருவான். இன்னைக்கு ரெண்டு ரவிக்கைங்கான், நாளைக்கு என்ன சொல்லுவானோ. எவ்வளவுன்னு தெரிஞ்சா தச்சுக் கட்டிருவேன். தெரியாததுக்கு எப்படித் தைக்க?"

அன்று ராத்திரிதான் எனக்கு ஆடம் ஸ்மித்தின் இரண்டாவது விதி ஞாபகம் வந்தது. ஒருவன் எவ்வளவு கட்ட வேண்டும், எப்போது கட்ட வேண்டும் என்பது அவனுக்கு முன்கூட்டியே தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். வரி கொஞ்சம் ஏற்றத்தாழ்வாக இருந்தால்கூடப் பரவாயில்லை, நிச்சயமில்லாமல் இருப்பதுதான் பெரிய தீமை என்பது அவர் கட்சி. நான் ஐந்து மார்க்குக்கு எழுதியதை ஆச்சி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் இதே பயம்தான் ஒரு சட்டமாக மாறியது. 1970-களில் அங்கே வீட்டு விலை ஏற ஏற, மறு மதிப்பீட்டில் வரியும் ஏறியது. வீடு சொந்தமாக இருந்தும் கையில் காசு இல்லாத வயதானவர்கள் வீட்டை இழந்துவிடுவோமோ என்று பயந்தார்கள். 1978 ஜூன் 6-ஆம் தேதி பொது வாக்கெடுப்பில் 'முன்மொழிவு 13' என்ற சட்டம் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. சொத்து வரி மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் கூடாது, அந்த மதிப்பும் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது, வீடு கைமாறும்போது புது விலைக்கு மதிப்பிடலாம். நிச்சயம் கிடைத்துவிட்டது. ஆனால் சமத்துவம் போய்விட்டது. ஒரே தெருவில் ஒரே மாதிரி இரண்டு வீடு. முப்பது வருஷமாக இருப்பவர் கட்டுவதைப் போலப் பல மடங்கு புதிதாக வாங்கியவர் கட்டுகிறார். இது அநியாயம் என்று வழக்கும் நடந்தது. 1992-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. பள்ளிக்கூடங்களும் உள்ளாட்சிகளும் பணத்துக்கு மாநில அரசின் கையைப் பார்க்க வேண்டியதாயிற்று. நமக்கு அப்படி ஒன்று வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அதே கலிபோர்னியாவில் எனக்குப் பிடித்தது வேறு ஒரு ஏற்பாடு. 62 வயதுக்கு மேற்பட்ட, வருமானம் குறைந்த வீட்டுக்காரர்களுக்கு மாநில அரசே வரியைக் கட்டிவிடுகிறது. அது வீட்டின் மேல் கடனாக நிற்கும். வீடு விற்கும்போதோ கைமாறும்போதோ வட்டியோடு வசூலித்துக்கொள்வார்கள். உள்ளாட்சிக்கும் நஷ்டமில்லை, கிழவிக்கும் தூக்கம் கெடாது. தமிழ்நாட்டில் இதை யோசித்தால் என்ன?

நம் ஊரில் இனி வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது என்ற யோசனைக்கு வந்திருக்கிறார்கள். சென்னையில் 2024-ல் 6 சதவீதம் ஏற்றியபோது அதற்கும் சத்தம் போட்டார்கள். என் கட்சி, மொத்தமாக அடிப்பதைவிட இது மேல். ஆனால் எத்தனை சதவீதம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். அளவை எடுக்க வருகிறவர் எழுதிய அளவில் ஒரு நகலை அங்கேயே வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இந்த ஒன்று நடந்திருந்தால் எங்கள் முற்றம் அன்றைக்கே தப்பித்திருக்கும்.

நண்பர்களே, ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்து ஒரு தடவை பாருங்கள். பரப்பளவு, உபயோகம், கட்டடத்தின் வயது, கூரை வகை நான்கும் சரியா என்று பாருங்கள். 600, 1,200, 1,800 என்ற எல்லைகளுக்குப் பக்கத்தில் உங்கள் வீடு இருந்தால் கட்டாயம் டேப் பிடித்து அளந்து பாருங்கள். தப்பு இருந்தால் எழுத்தில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். சரியாக இருந்தால் அரையாண்டு தொடங்கிய முப்பது நாளுக்குள் கட்டிவிடுங்கள். 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, 5,000 ரூபாய் வரை. தாமதமானால் மாதம் 1 சதவீதம் அபராதம். அந்த ரசீதில் நூலக வரி என்று தனியாக இருக்கும் பாருங்கள். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. ஆச்சி கட்டும் அந்தப் பத்து பைசாவில்தான் மாவட்ட நூலகத்தில் நான் இலவசமாக உட்கார்ந்து படித்து இதையெல்லாம் தெரிந்துகொண்டேன்.

2024 ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஆச்சிக்காக நான் போய்க் கட்டினேன். அவள் காசுதான். 918-ல் ஊக்கத்தொகை போக 872 ரூபாய். மீதி 46 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது நம்பவே மாட்டேன் என்றாள். பிறகு அதை எண்ணி நூல்கண்டு டப்பாவில் போட்டுக்கொண்டாள். போர்டு இன்னும் பீரோவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. பழைய ஆட்கள் வந்து தைத்துக்கொண்டு போகிறார்கள். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அங்கே ஒரு தையல்காரி இருப்பதே தெரியாது.

கிளம்பும்போது ஆச்சி கேட்டாள்: "அடுத்த தடவை எவ்வளவுல வரும்?"

மூன்று வருஷம் காமர்ஸ் படித்தவன் நான். "தெரியல ஆச்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.